குயில் வந்த வழி



விடியுமுன் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையே 'கூ... ஊ' என்று படிப்படியாக ஏறிச்செல்லும் ஒரு குரல் கேட்டு விழித்தெழுந்தவர்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். சினந்து சன்னலைச் சாத்தியவர்களும் இருப்பீர்கள். அந்தக் குரலுக்கு உரிய பறவையைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

தமிழ் கற்கும் பிள்ளைகள் தொடக்கத்திலேயே அறியும் பறவைப்பெயர்களுள் குயிலும் ஒன்று. ஆயினும் பாடநூலில் படித்த குயிலும் சன்னலுக்கு வெளியே கூவும் பறவையும் ஒன்றே என்பதை நம் மாணவர் பலர் உணர்வதில்லை. வகுப்பில் 'குயில்' என்று எழுதுகின்றனர். வெளியில் 'கோயல்' என்று ஆங்கிலத்தில் சுட்டுகின்றனர். சொல் ஓரிடத்திலும் பறவை வேறோரிடத்திலும் நிற்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்துவைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் பறவையைப் பார்ப்போம். ஆண்குயில் நீலம் மின்னும் கருநிறம் உடையது. கண்கள் செக்கச் சிவந்தவை. பெண்குயிலோ பழுப்பு நிறமும் உடலெங்கும் வெண்புள்ளிகளும் கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கண்டால் வெவ்வேறு பறவைகள் என்றே எண்ணத் தோன்றும். உயர்ந்துகொண்டே செல்லும் கூவல் ஆணுக்கு உரியது. பெண்ணின் குரல் 'கிக், கிக், கிக்' என விரைந்து ஒலிக்கும் கூர்மையான ஓசை. நம் கவிதை மரபிலோ குயில் பெண்ணாகப் பாடுவதே மிகுதி. பாரதியாரின் 'குயில் பாட்டு' நூலின் தலைவியும் பெண்குயிலே. கவிதைக்கு அவ்வுரிமை உண்டு. பாட்டில் வரும் குயிலைச் சுவைக்கவும், மரத்தில் இருக்கும் குயிலை இனங்காணவும் மாணவர் ஒருசேரக் கற்றல் வேண்டும் என்பதே எம் விருப்பம்.

இனி, இப்பறவை நம் தீவில் எவ்வாறு நிலைகொண்டது என்று காண்போம். ஒரு காலத்தில் சிங்கப்பூருக்குக் குயில் விருந்தாளி. வடதிசை நாடுகளில் குளிர் மிகும் பருவத்தில் வந்து, பின் திரும்பிச் செல்லும் பறவையாகவே அது அறியப்பட்டிருந்தது. இங்கேயே இனப்பெருக்கம் செய்யும் பறவையாக அது மாறியது 1980களில்தான். இம்மாற்றத்திற்கு வழிவகுத்தது காகம்.

குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடும். இது நம் முன்னோர் நன்கு அறிந்த செய்தி. குயிலின் முட்டை, நிறத்திலும் புள்ளிகளிலும் காகத்தின் முட்டையை ஒத்திருக்கும். அளவில் சற்றுச் சிறியது. குயிற்குஞ்சு முந்திப் பொரிந்து, காகம் கொணரும் இரையைப் பெற்று வளர்ந்துவிடும். ஆகவே வீட்டுக்காகம் பெருகிய இடத்தில்தான் குயிலுக்கு வாழ்வு.

அந்த வீட்டுக்காகமோ இம்மண்ணுக்கு உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, காப்பித் தோட்டங்களை அழித்த புழுக்களைத் தின்னட்டும் என்று, இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்கு அது கொண்டுவரப்பட்டது. பிறகு அது துறைமுகங்களையும் நகரங்களையும் பற்றிப் பரவியது; 1940களில் சிங்கப்பூரில் காணப்பட்டது. மலாயாவின் தோட்டங்களில் உழைக்கக் கப்பலேறி வந்தவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். இன்று நம்மை எழுப்பும் குயிலின் கூவலுக்குப் பின்னே ஒரு தோட்டத்தின் வரலாறு இருக்கிறது. இயற்கை வரலாறு என்பது மக்கள் வரலாற்றிலிருந்து விலகி நிற்பதன்று.

இக்கதை இன்னும் முடியவில்லை. காகங்கள் மிகுந்து தொல்லை தருவதால் அவற்றின் கூடுகள் அகற்றப்படுகின்றன. காகம் குறைந்தால் குயில் என்னாகும்? வேறு பறவையின் கூட்டை அது நாடுமா? இத்தகைய வினாக்களுக்கு விடைகாண ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. அக்கம்பக்கத்தில் நாள்தோறும் நோக்கும் கண்களும் வேண்டும்.

அமெச்சூர் இயற்கையாளர்களின் குறிப்புகளால் என்ன பயன் என்று ஐயுறுவோர்க்குச் சுங்கை பூலோ ஈரநிலம் விடை கூறும். கைவிடப்பட்ட இறால் குளங்களாகக் கிடந்த அவ்விடத்தின் பறவைச் செல்வத்தை 1986இல் இயற்கைக் கழகத்தின் பறவை ஆர்வலர்களே கண்டு, அதனைக் காக்குமாறு வலியுறுத்தினர். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் இயற்கைக் காப்பகமாயிற்று. சைபீரியாவிலிருந்து பறந்துவரும் உள்ளான்கள் இன்றும் அங்கே இறங்கி இளைப்பாறுகின்றன. எழுதிவைத்த குறிப்பு ஒரு நிலத்தையே காத்தது.

அத்தகைய குறிப்பை எழுத அரிய கருவி எதுவும் வேண்டா. நாள், நேரம், இடம், கண்டது, கேட்டது என்னும் ஐந்தும் ஓர் ஏட்டில் இருந்தால் போதும். ஐயம் இருப்பின் 'ஐயம்' என்றே எழுதுக. கூட்டை நெருங்கற்க, ஒலிப்பதிவை ஒலிக்கச்செய்து பறவையை ஏய்க்கற்க. நம் வட்டாரத்தில் குயில் எம்மாதத்தில் கூவத் தொடங்குகிறது, எம்மாதத்தில் ஓய்கிறது என்று ஒரு வகுப்பு மூன்றாண்டுகள் தொடர்ந்து குறித்துவைத்தாலே அது பயனுள்ள பதிவாகும்.

அவ்வேட்டைத் தமிழில் எழுத வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மீன்கொத்தி, மரங்கொத்தி, தேன்சிட்டு, வாலாட்டி, தூக்கணாங்குருவி முதலிய பெயர்கள், பறவையின் செயலை உற்றுநோக்கியவர்கள் இட்டவை. பெயரைக் கேட்டவுடன் எதைப் பார்க்க வேண்டும் என்பது விளங்கிவிடும். சில பெயர்கள் நம்மை வினவவும் தூண்டும். மஞ்சள் உடலும், கண்ணிலிருந்து பிடரிவரை செல்லும் கரும்பட்டையும் கொண்ட மாங்குயிலை இத்தீவின் பூங்காக்களில் எளிதாகக் காணலாம். பெயரில் குயில் இருப்பினும் அது குயில் இனத்தைச் சேர்ந்ததன்று. ஏன் அப்பெயர் பெற்றது என்று ஒரு மாணவர் கேட்டால், அவ்வகுப்பில் தமிழும் அறிவியலும் ஒருங்கே நடைபெறுகின்றன என்று பொருள்.

தேர்வுக்காக மட்டும் கற்கும் சொல் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். நாள்தோறும் கண்ணால் கண்டு, காதால் கேட்டு வழங்கும் சொல் எளிதில் மறையாது. நாளை விடியலில் அக்குரல் கேட்கும்போது, சன்னலைச் சாத்துமுன் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். அருகில் பிள்ளைகள் இருப்பின், அது குயில் என்று தமிழில் சொல்லுங்கள். கூவுவது ஆணா பெண்ணா என்றும் கேளுங்கள்.