நீக்குவோர் காரணம் கூறவேண்டுமா?

பிறர் எழுதியதை ஏற்கவும் மறுக்கவும் அதிகாரம் பெற்றவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர், தமிழ்ச் சங்கத்து மலர்க்குழுவினர், வாசகசாலைப் பொறுப்பாளர், திரைப்படத் தணிக்கையாளர் என்று பெயர்கள் வேறுபட்டாலும் தொழில் ஒன்றே. இது இருக்கலாம், இது இருக்கலாகாது என்று பிரித்து வைப்பது அவர்கள் பொறுப்பு. அப்பொறுப்பு தேவையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. களை பிடுங்காத வயலில் பயிர் நிற்காது. ஆனால் ஒருவருடைய எழுத்தை நீக்கும்போது, ஏன் நீக்கினோம் என்பதை அவருக்குச் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்களா? இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

நாம் பிறந்து வளர்ந்த ஊர் கோலார் தங்கவயல். கர்நாடக மாநிலத்தில் இருந்தாலும், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்காக வந்து குடியேறிய தமிழர்களின் சந்ததியினர் நிறைந்த ஊர். தொழிலாளர் குடியிருப்புகளை அங்கே ‘லைன்’ என்பார்கள். ஒரு லைனில் சிறிய தமிழ் வாசகசாலை ஒன்று இருந்தது. அதன் முன்சுவரில் ஒரு மரப்பலகை. இளைஞர்கள் வாரந்தோறும் கதை, கவிதை, கட்டுரை எழுதி அப்பலகையில் குத்தி வைப்பார்கள். மாலையில் ஷிப்டு முடிந்து வருவோர் நின்று படித்துவிட்டுப் போவார்கள். அச்சேறும் வாய்ப்பில்லாத எங்களுக்கு அப்பலகையே பத்திரிகை.

1998-ஆம் ஆண்டில் நாம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்த ஒரு தொழிலாளியின் குடும்பம் படும் துயரைக் கட்டுரையாக எழுதினோம். பெயர் எதுவும் குறிப்பிடவில்லை. வேப்பமரத்தை அடுத்த வீடு, கணவனை இழந்த தாய், அடகுக் கடைக்குப் போன பாத்திரங்கள் என்று எழுதியிருந்தோம். இரக்கத்தால் எழுதியதாகவே நினைத்தோம். வியாழன் மாலை பலகையில் வைத்த தாள் வெள்ளிக்கிழமை காலையில் இல்லை. குத்தியிருந்த ஆணிகள் மட்டும் இருந்தன.

வாசகசாலைப் பொறுப்பாளர் ஒரு முதியவர். சுரங்கக் கூண்டை இறக்கி ஏற்றும் பெரிய இயந்திரத்தை இயக்கி ஓய்வு பெற்றவர். ஊதியம் வாங்காமல் மாலைதோறும் இரண்டு மணி நேரம் வாசகசாலையைத் திறந்து வைப்பவர். அவரிடம் சென்று, “ஐயா, என் கட்டுரை எங்கே?” என்று கேட்டோம். “எடுத்துவிட்டேன், தம்பி” என்றார். “ஏன்?” என்று கேட்டோம். “எடுக்கவேண்டியிருந்தது, எடுத்தேன்” என்று சொல்லி, அன்றைய நாளிதழைப் பிரித்துக்கொண்டார்.

அவர் சொல்லாமல் விட்ட காரணத்தின் இடத்தைப் பல கற்பனைகள் நிரப்பின. நிர்வாகத்துக்கு அஞ்சி எடுத்துவிட்டார் என்றார் ஒரு நண்பர். தொழிற்சங்கத்தார் சொல்லி எடுத்தார் என்றார் மற்றொருவர். எழுத்து நன்றாக இல்லாததால்தான் எடுத்திருப்பார் என்று நாமே இரவில் எண்ணிக் கூசினோம். அதன்பின் அப்பலகையில் நாம் எழுதவில்லை. நண்பர்கள் இருவரும் எழுதவில்லை. சில மாதங்களில் பலகையில் திருமண அழைப்பும் மரண அறிவிப்பும் மட்டுமே மிஞ்சின.

ஐந்து ஆண்டுகள் கழித்து, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்து வடக்கே புறப்பட்ட நாளில், பங்காருப்பேட்டை ரயில் நிலையத்தில் அப்பெரியவரைக் கண்டோம். அவரே அருகில் வந்து உண்மையைச் சொன்னார். கட்டுரை பலகையில் ஏறிய அன்றிரவே அந்தத் தாய் அவர் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த சமயம். வேப்பமரத்தை அடுத்த வீடு எது என்பது லைன் முழுவதும் அறிந்த செய்தி. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படுமுன் எடுத்துவிட வேண்டும் என்று கெஞ்சியிருக்கிறார். பெரியவரும் எடுத்துவிட்டார். உம்மிடம் காரணம் சொன்னால், அந்த அம்மாள் வந்து சொன்னது வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி வாய் மூடினேன் என்றார். பிறகு சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “முப்பது வருஷம் கூண்டு ஓட்டினேன். கீழிருந்து மணி வராமல் ஒரு நாளும் அதை அசைத்ததில்லை. உன் தாளை மட்டும் மணி அடிக்காமல் எடுத்துவிட்டேன், தம்பி” என்றார்.

நேயர்களே, அவர் செய்த நீக்கம் சரியானது. அந்தத் தாளை நாமே முதல் ஆளாகச் சென்று கிழித்திருக்க வேண்டும். தவறு நம்முடையதே. ஆனால் அதைத் தவறென்று நாம் அறியவே ஐந்து ஆண்டுகள் ஆயின. அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்கும் காலம் கடந்துவிட்டது. அவர்கள் குடும்பம் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தது. நியாயமான நீக்கமும், காரணம் சொல்லப்படாதபோது, அநியாயத்தின் பலனையே தருகிறது என்பதை அன்று கற்றோம்.

காரணம் கூறவேண்டியதில்லை என்போரின் வாதங்களையும் நாம் கேட்கவேண்டும். அவை அற்பமானவை அல்ல. முதலாவது, உழைப்பு. ஊதியமின்றி உழைக்கும் ஒருவர் ஒவ்வொரு தாளுக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தால் வாசகசாலையை யார் திறப்பது? இரண்டாவது, வழக்கு. காரணம் சொன்னால் அது முடிவாகாது. அதுவே வாதத்தின் தொடக்கமாகிவிடும். மூன்றாவது, குறும்பு. இன்ன சொல்லுக்காக நீக்கினோம் என்றால், அச்சொல்லை மாற்றி அதே நஞ்சை மறுநாள் கொண்டுவருவோர் உண்டு. நான்காவது, பிறர் நலம். காரணத்தைச் சொன்னால் முறையிட்டவர் யார் என்பது தெரிந்துவிடலாம். நம் ஊர்ப் பெரியவரைத் தடுத்தது இந்நான்காவதே.

இவ்வாதங்களை எடைபோட நாட்டின் அனுபவம் உதவும். கே. ஏ. அப்பாஸ் என்னும் எழுத்தாளர் இந்தியாவின் நான்கு பெருநகரங்களைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். அது வயது வந்தோருக்கு மட்டும் என்று தணிக்கைக் குழு சான்றிதழ் அளித்தது. பம்பாயில் உடலை விற்று வாழும் பெண்கள் தெருவைக் காட்டும் பகுதியை வெட்டினால் அனைவருக்கும் காட்டலாம் என்று பின்னர் சொல்லப்பட்டது. எந்தப் பகுதி என்று தெரிந்ததால்தான் அது ஏன் இருக்கவேண்டும் என்று அவரால் வாதிட முடிந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, வெட்டில்லாமல் சான்றிதழ் தர அரசு முன்வந்தது. முன்தணிக்கை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் 1970-இல் தீர்ப்பளித்தது. தணிக்கை செய்யும் அதிகாரம் நிலைத்தது. ஒரு குறிப்பிட்ட தணிக்கை திருந்தியது. காரணம் கூறுவதால் அதிகாரம் அழிந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

மற்றொன்று பலரும் அறிந்தது. 1977-இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டைப் பொதுநலன் கருதித் திருப்பித் தருமாறு அரசு கேட்டது. காரணம் என்ன என்று அவர் வினவினார். பொதுநலன் கருதிக் காரணத்தைச் சொல்ல இயலாது என்று விடை வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு, பாதிக்கப்படுவோர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு அளிக்கப்படவேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டத்தில் ஆழமாக ஊன்றியது. கடவுச்சீட்டுச் சட்டத்தை நோக்கினால், காரணத்தைச் சுருக்கமாகப் பதிவு செய்யவேண்டும், கேட்டால் நகல் தரவேண்டும் என்பது விதி. நாட்டின் பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. விதியும் விலக்கும் எப்படி அருகருகே வாழலாம் என்பதை இதில் காணலாம். காரணத்தைச் சொல்வதே விதி; மறைப்பது விலக்கு. நம் வாசகசாலையில் இது தலைகீழாக இருந்தது.

நம் தங்கவயலையே நீக்கிய நாளும் ஒன்று வந்தது. நூற்றாண்டுக்கு மேல் பொன் தந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியுடன் மூடப்பட்டன. அப்போது நடைமுறையிலிருந்த தொழில் தகராறுகள் சட்டம், பெரிய நிறுவனம் ஒன்றை மூட விரும்புவோர் அரசுக்குக் காரணங்களைத் தெளிவாகச் சொல்லி அனுமதி கேட்கவேண்டும் என்றும், அரசும் காரணங்களை எழுத்தில் பதிந்தே ஆணையிடவேண்டும் என்றும், அந்த ஆணையின் நகல் தொழிலாளர்களுக்கும் சேரவேண்டும் என்றும் விதித்திருந்தது. நட்டம் நேர்ந்தது, பொன் எடுக்கும் செலவு பொன்னின் விலையை விஞ்சியது என்பன போன்ற காரணங்களைத் தொழிலாளர்கள் ஏற்கவில்லை. தொழிற்சங்கங்கள் நீதிமன்றம் சென்றன; எனினும் மூடல் நிலைத்தது. அக்காரணங்கள் ஒருவர் வீட்டிலும் அடுப்பெரிக்கவில்லை. ஆனால் எதை எதிர்த்து வாதிடுவது என்பதையாவது அவை தெரிவித்தன. காரணம் அறிந்த மனிதன் தோற்றாலும் நின்று தோற்கிறான். காரணம் அறியாதவன் இருட்டில் கையை வீசுகிறான்.

மொழிபெயர்ப்பாளராக நாம் நாள்தோறும் கையாளும் ஒரு தொடர் உண்டு: ‘நிர்வாகக் காரணங்களால்’ என்பது. காரணம் என்ற சொல் அதில் இருக்கிறது; காரணம் இல்லை. அதைத் தமிழாக்க நமக்கு அரை நிமிடம் போதும். பெற்றுக்கொள்பவர் பல நாள் அதைத் திருப்பித் திருப்பிப் படிப்பார். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிப்பது பொது அதிகார அமைப்புகளின் கடமை என்கிறது. தகவல் மறுக்கப்பட்டால், மறுப்பின் காரணத்தையும், எத்தனை நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்கிறது. வெளி மாநிலத்தில் வாழும் நேயர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நலம்.

சட்டம் அரசு அலுவலகங்களுக்கு. ஒரு வாசகசாலையையோ தமிழ்ச் சங்கத்தையோ அது இவ்வாறு கட்டாயப்படுத்தாது. அங்கே நாம்தான் நம்மைக் கட்டிக்கொள்ளவேண்டும். ஏனெனில் வெளி மாநிலத்தில் வாழும் நமக்குத் தனியான நிலைமை ஒன்று உண்டு. சென்னையில் ஒரு பத்திரிகை மறுத்தால் எழுதுகிறவர் மற்றொன்றை நாடலாம். தங்கவயலின் ஒரு லைனிலும், வடக்கே ஒரு தொழில் நகரியத்திலும் தமிழுக்கு இருப்பது ஒரே சங்கம், ஒரே ஆண்டு மலர், ஒரே மேடை. அந்த வாசல் அடைபட்டால் வேறு வாசலில்லை. பிறர் வாசலுக்குக் காத்திராமல் தாமே வாசல் திறந்தவர்களும் நம் ஊரில் இருந்ததுண்டு. அயோத்திதாச பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, அவர் மறைவுக்குப் பின் 1926-இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். அத்தகைய உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, வீட்டில் மட்டுமே பேசும் தமிழில் முதன்முதலாக நான்கு பக்கம் எழுதி மலர்க்குழுவுக்கு அனுப்புகிறாள். அது வெளிவரவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை. அவள் பத்திரிகை தொடங்கமாட்டாள். தமிழில் எழுதுவதை நிறுத்திவிடுவாள். வாசல்கள் எத்தனைக்கெத்தனை குறைவோ, காரணம் கூறும் கடமை அத்தனைக்கத்தனை பெரிது.

அவ்வாறாயின் காரணத்தை எப்படிச் சொல்வது? சுருக்கமாகச் சொல்லலாம், ஒரு வரி போதும். எழுதியவருக்குத் தனியே சொல்லவேண்டும். ஊரறியச் சொல்வது தண்டனையாகிவிடும். பொதுச் சொல்லால் மழுப்பாமல், எந்தப் பகுதி, எந்த விதிக்கு மாறானது என்று சுட்டவேண்டும். திருத்தினால் ஏற்கலாமா என்பதையும், உடன்பாடில்லை என்றால் வேறு யாரிடம் கேட்கலாம் என்பதையும் சொல்லவேண்டும். தாளைத் திருப்பித் தரவேண்டும். ஒருமுறை காரணம் சொல்லியும் வேண்டுமென்றே அதே குறும்பைச் செய்வோருக்கு மறுமுறை சொல்லத் தேவையில்லை.

பிறரைக் காக்கும் கடமை குறுக்கிட்டால்? அப்போதும் முழு மௌனம் தேவைப்படுவதில்லை. “தம்பி, நீ எழுதிய வீடு எது என்று படிப்பவர்களுக்குத் தெரிகிறது, அக்குடும்பத்துக்குத் தீங்கு வரும், ஆகவே எடுத்தேன்” என்று நம் பெரியவர் சொல்லியிருந்தால், அந்தத் தாய் வந்து அழுதது வெளிப்பட்டிராது. முறையிட்டவரை மறைக்கலாம், காரணத்தை மறைக்கவேண்டியதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதே அந்த நல்ல மனிதரின் பிழை.

காரணம் கூறுவதில் நீக்குவோருக்கும் நன்மை உண்டு. எழுத முடியாத காரணம் பெரும்பாலும் நல்ல காரணமாக இருப்பதில்லை. ஒரு வரி எழுத முனையும்போதே, நாம் நீக்குவது விதிக்காகவா, எழுதியவரைப் பிடிக்காததற்காகவா என்பது நமக்கே விளங்கிவிடும்.

இன்று நாம் வாழும் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தின் மலர்க்குழுவில் நாமும் ஒருவர். சென்ற ஆண்டு ஏற்க முடியாத கட்டுரைகள் பதினொன்று. பதினொருவருக்கும் ஒவ்வொரு வரி எழுதினோம். இருவர் சினந்தனர். ஒருவர் வாதிட்டார், அவர் பக்கமே நியாயம் என்று கண்டு அவர் கட்டுரையைச் சேர்த்தோம். நால்வர் இவ்வாண்டு மீண்டும் எழுதியிருக்கிறார்கள். எஞ்சியோர் எழுதவில்லை. ஆனால் எதனால் தம் எழுத்து வெளிவரவில்லை என்று அவர்கள் ஐந்து ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் ஊர்ச் சங்கத்திலும் வாசகசாலையிலும் இப்பொறுப்பு உங்களிடம் வரக்கூடும். தாளை எடுக்கவேண்டியிருந்தால் எடுங்கள். எடுக்குமுன் மணி அடியுங்கள்.