பெயர் கேளாத கணிதம்



ஒருவர் கூறுவதை ஏற்பதற்கு முன் அவர் யார், எவ்வூரார், என்ன பட்டம் பெற்றவர் என்று வினவுவது மாந்தர் இயல்பு. கணிதம் அவ்வாறு வினவுவதில்லை. நிறுவல் பிழையற்றதாயின், எழுதியவர் ஊரும் பேரும் அறியாதவராயினும் அது நிலைத்து நிற்கும்.

1, 2, 3 என்னும் மூன்று இலக்கங்களை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். அவ்வாறு வரிசைகளையும் தன்னுள் அடக்கும் மிகக் குறுகிய தொடர் எது? 123121321 என்னும் ஒன்பது இலக்கங்கள் போதும். இலக்கங்கள் பெருகப் பெருக இவ்வினா மிகக் கடினமாகிறது. இத்தகைய தொடர் இன்ன நீளத்துக்குக் கீழே சுருங்காது என்னும் ஓர் எல்லையை 2011-ஆம் ஆண்டில் பெயர் கூறாத ஒருவர் நிறுவினார். 2018-இல் கணித அறிஞர் சிலர் அதனை ஆராய்ந்து, முறைப்படி எழுதினர். முதலாசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், பெயர் அறியப்படாதவர் என்றே குறித்தனர்.

கணிதம் பெயரைக் கேளாது, மனிதரோ கேட்பர். அதனாலேயே அந்நிறுவல் ஏழாண்டுகள் காத்துக் கிடந்தது. எழுதியவர் மறைந்திருக்கலாம், ஆனால் அதனைப் பொறுமையுடன் படிக்க ஒருவர் வேண்டும்.

இதற்குத் தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. இராமானுஜன் பெயரை அறியாதார் நம்மிடையே இல்லை. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளையின் பெயரை அறிந்தாரோ சிலரே. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் அவர். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியுந் தறுவாயில் தந்தையையும் இழந்தார். படிப்பு அத்துடன் நின்றிருக்கும். அவருடைய ஆற்றலை முன்னரே கண்டிருந்த சாஸ்திரியார் என்னும் பள்ளி ஆசிரியர் பொருளுதவி புரிந்து அவரைத் தாங்கினார்.

பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, 1770-இல் வாரிங் என்னும் ஆங்கிலேயர் எழுப்பிய வினாவைப் பிள்ளை ஆராய்ந்தார். 23 என்னும் எண்ணைக் கனங்களின் கூட்டலாக எழுதிப் பாருங்கள். இரண்டு எட்டுகளும் ஏழு ஒன்றுகளுமாக ஒன்பது கனங்கள் வேண்டும்; அதிற் குறைந்தால் இயலாது. எந்த எண்ணுக்கும் ஒன்பது போதுமா? நான்காம், ஐந்தாம், ஆறாம் அடுக்குகளுக்கு எத்தனை வேண்டும்? இதுவே வாரிங்கின் வினா. ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என 1940-இல் பிள்ளை நிறுவினார். அதற்கு மேற்பட்ட அடுக்குகள் பற்றி 1936-ஆம் ஆண்டளவிலேயே அவர் கண்டவற்றை, அமெரிக்கரான டிக்சன் என்பாரும் தனித்து நின்று கண்டார். பிள்ளையின் கட்டுரைகள் பெரும்பாலும் இந்திய ஏடுகளில் வெளிவந்தன. 1950 ஆகஸ்டில் அமெரிக்கா செல்லும் வழியில், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் அவர் மாண்டார்.

சாஸ்திரியார் எந்தத் தேற்றத்தையும் நிறுவியவராக நாம் அறியோம். எனினும் அவரின்றிப் பிள்ளை இல்லை.

நம் முன்னோர் சிலரும் அந்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தே இம்மலைகளுக்கு வந்தனர். பசறையிலோ நமுனுகலையிலோ ஒரு தோட்டத்து லயத்தில், தாய் பறித்த கொழுந்தின் நிறையையும் அதிற் கழித்த கழிவையும் மனத்தாலேயே கணக்கிட்டு, சம்பள நாளில் சரிபார்க்கும் சிறுமி இருக்கலாம். பாடசாலையில் அவள் வழியைக் காட்டாது விடையை மட்டும் எழுதுவாள். சிவப்பு மையால் கோடிடுவது எளிது. “இவ்விடை உனக்கு எவ்வாறு கிடைத்தது, மகளே?” என்று கேட்க ஐந்து நிமிடம் செல்லும். நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அந்த ஐந்து நிமிடம் அரிது என்பதை நான் அறிவேன். ஆயினும் அதனைத் தேடிக் கொடுப்பது ஆசிரியர் கடன். தேடிக் கொடுக்க வழி செய்வது அதிபர் கடன்.

அறியப்படாத அறிஞரை நினைந்து வியப்பது நன்று. நம் கண்முன்னே அமர்ந்திருக்கும் அறியப்படாத பிள்ளையின் கொப்பியைப் படிப்பது அதனினும் நன்று.