கையில் சிவக்கும் மருதாணி

ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டுத் தானே மறையும் ஓவியம் உடம்பில் வேண்டுமென்றால், மதுரைப் பக்கத்துப் பெண்களுக்கு வேலியோரத்து மருதாணிச் செடியே போதும். ஆடி மாதம் அதற்கென்றே வந்ததுபோல இருக்கும்.

கொழுந்து இலையாகப் பறித்து, ஒரு துண்டு கொட்டைப்பாக்கு, கொஞ்சம் புளி அல்லது எலுமிச்சைச் சாறு சேர்த்து அம்மியில் மையாக அரைப்பார்கள். நீரைக் கூட்டினால் வழிந்துவிடும். விரல் நுனிகளுக்குத் தொப்பி, உள்ளங்கை நடுவே நிலா, சுற்றிலும் பொட்டுகள். எந்த அச்சும் இதற்கு ஈடில்லை என்பேன்.

இலையிலுள்ள லாசோன் என்ற சாயம் புளிப்புப் பட்டால் நன்றாக வெளிப்பட்டு, தோலின் மேல்பரப்பிலுள்ள கெரட்டின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. உள்ளங்கைத் தோல் தடிமன். அதனால்தான் அங்கே நன்றாகச் சிவக்கிறது. இரவில் வைத்துக் காலையில் உதிர்த்ததும் ஆரஞ்சாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். நல்லெண்ணெய் தடவிவிடுங்கள், ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகும்.

ஆனால் திருவிழாக் கூட்டத்தில் யாராவது 'கறுப்பு மருதாணி, ஒரு மணி நேரத்தில் பிடிக்கும்' என்றால் பிள்ளைகளின் கையை நீட்டவிடாதீர்கள். மருதாணி தோலில் கறுப்பாகப் பிடிக்காது. அப்படிப் பிடித்தால் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் அதில் கலந்திருக்கலாம். சிலருக்குக் கொப்புளம் கிளம்பித் தழும்பே நின்றுவிடும். பிறகு தலைச்சாயமும் ஒவ்வாமல் போகும். அரிப்பு எடுத்தால் உடனே கழுவிவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.