மலையேறுபவரின் பையில் கைத்தொலைபேசி

சிவனொளிபாதமலைக்குச் சுமை குறைய ஏறுவதே நல்லது. ஆனாலும் கைத்தொலைபேசியை வீட்டில் விட்டுச் செல்லக்கூடாது. டிசம்பர் போயா முதல் மே மாத வெசாக் வரையான யாத்திரைக் காலத்தில் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் குடும்பங்கள் கோட்டையில் ரயிலேறி, அட்டன் வழியாக நல்லதண்ணியை அடைகின்றன. சூரியோதயம் காண்பதற்காகப் பெரும்பாலானோர் இரவில்தான் ஏறுகிறார்கள். 2,243 மீற்றர் உயரமுள்ள மலை, உச்சியில் கடுங்குளிர்.

குளிரில் பற்றரி விரைவில் இறங்கும். சிக்னல் பலவீனமான இடத்தில் தொலைபேசி கூடுதல் வலுவோடு கோபுரத்தைத் தேடுவதால் சார்ஜ் இன்னும் வேகமாகக் கரையும். ஆகவே ஏறும்போது அதை விமானப் பயன்முறையில் வைத்து, சட்டையின் உட்பையில் உடல் சூட்டோடு வைத்திருப்பது சிறந்தது. வெளிச்சத்துக்குத் தனியாக ஒரு சிறு டோர்ச் வேண்டும். தொலைபேசி விளக்கை நம்பி ஏறினால், அவசர நேரத்தில் பேசச் சார்ஜ் இருக்காது. அழைப்புக்கு மட்டுமென்றால் பழைய பட்டன் போனே போதும். பாரமும் குறைவு, சார்ஜும் நாட்கணக்கில் நிற்கும்.

வீட்டாரின் இலக்கங்களை ஒரு துண்டுக் கடதாசியிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரியவுக்கு 1990, பொலிஸுக்கு 119.