சிங்கப்பூரில் மிருதங்கம் வாசிப்பது யார்?

(நமது சங்கத்தின் குப்பம் கிளைக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பிற ஊர்க் கிளை அன்பர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



மூன்று மாதம் பெண் வீட்டில் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்திருக்கிறேனே, ஏதாவது பேசுங்கள் என்று காரியதரிசி சொன்னார். மிருகக்காட்சிசாலை, செந்தோசா எல்லாம் உங்களில் பாதிப் பேர் பார்த்தாகிவிட்டது. மீதிப் பேருக்கு அவர்கள் போட்டோ காட்டியிருப்பார்கள். அதனால் நான் அங்கே சில சங்கீதக்காரர்களிடம் பேசியதைச் சொல்கிறேன்.

நான் வித்வான் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். சங்கீதத்தில் எனக்கு இருப்பது கேள்வி ஞானம் மட்டுமே. ஆனால் ஆறு வருஷமாக நமது கிளையின் ஸ்ரீராமநவமிக் கச்சேரி ஏற்பாடு என் தலையில் இருக்கிறது. பாட நம்மிடமே மூன்று பேர் இருக்கிறார்கள். பக்கவாத்தியத்துக்குத்தான் ஒவ்வொரு வருஷமும் பங்குனி பிறந்ததும் பெங்களூருக்கு டெலிபோன் மேல் டெலிபோன். போன வருஷம் மிருதங்கக்காரருக்குக் கடைசி நிமிஷத்தில் வேறு கச்சேரி கிடைத்துவிட்டது. நம் மாமி வெறும் தாளம் போட்டுக்கொண்டே பாடி முடித்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஆகவே, எங்கே போனாலும் என் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான்: இங்கே மிருதங்கம் யார் வாசிக்கிறார்கள்?

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2022-ல் பிரிப்பதற்கு முன் நம் சித்தூர் ஜில்லாவின் பரப்பு சுமார் 15,000 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் தேசம் முழுவதும் சேர்ந்து சுமார் 735. நம் பழைய ஜில்லாவுக்குள் இருபது சிங்கப்பூரை வைக்கலாம். அங்குள்ள பிரஜைகளையும் நிரந்தரவாசிகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்தியர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான். அதில் தமிழர் ஒரு பங்கு, தமிழரில் கர்நாடக சங்கீதம் கேட்பவர் இன்னொரு சிறு பங்கு. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கிக்கொண்டே போனால் என்ன மிஞ்சும்? ஆனால் அங்கே நிறையவே மிஞ்சியிருக்கிறது.

சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949-லேயே ஆரம்பித்தாகிவிட்டது. கே.பி. பாஸ்கர் 1952-ல் நாட்டியப் பள்ளி தொடங்கினார். அவருடைய மனைவி சாந்தா பாஸ்கர் 2022-ல் காலமாகும் வரை அந்தப் பணியிலேயே இருந்தார். இலங்கையில் பிறந்து கலாக்ஷேத்ராவில் பயின்ற நீலா சத்தியலிங்கமும், அவர் கணவர் சத்தியலிங்கமும் 1977-ல் அப்சராஸ் ஆர்ட்ஸை நிறுவினார்கள். நாட்டியம் வந்தால் பின்னாலேயே பாட்டும் தாளமும் வந்துதானே ஆக வேண்டும்? 1985-ல் மக்கள் கழகத்தின் ஆதரவில் இந்திய வாத்தியங்களுக்கென்றே ஒரு ஆர்கெஸ்ட்ரா வந்தது. கலைகளுக்கு மானியம் தர தேசிய கலை மன்றம் 1991-லும், எஸ்பிளனேட் அரங்கம் 2002-லும் வந்தன. அந்த அரங்கில் தீபாவளியை ஒட்டி வருஷாவருஷம் 'கலா உத்சவம்' நடக்கிறது.

இதெல்லாம் புஸ்தகத்தில் கிடைக்கும். எனக்கு வேண்டியது ஆட்கள். பெண்ணுக்குத் தெரிந்தவர்கள் மூலம் நாலைந்து பேரைப் பார்த்தேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. மனம் விட்டுப் பேசியவர்களைப் பத்திரிகையில் நிறுத்துவது சரியில்லை.

முதலில் ஒரு வீணை டீச்சர். கல்யாணமாகி அங்கே போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் பேத்தி ஆறாம் வகுப்பில் பாட்டை நிறுத்திவிட்டாள் என்று நான் குறைப்பட்டேன். அங்கே ஆறாவது முடிவில் அரசாங்கப் பரீட்சை. அதை வைத்துத்தான் அடுத்த பள்ளிக்கூடம். அந்த மாமி சிரித்தார். "மாமா, எங்களுக்கு இலையுதிர் காலம் அதுதான். பதினொரு வயதில் உதிர்ந்துவிடும். பதினேழில் ஒன்றிரண்டு திரும்பத் துளிர்க்கும். நான் அதற்குத்தான் காத்திருக்கிறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கானவர் வந்து போயிருக்கிறார்கள். இன்றைக்கும் வீணையைத் தொடுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். வருத்தமில்லையா என்று கேட்டேன். "விட்டவர்கள்தானே டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்காருகிறார்கள்" என்றார். பேத்தி விஷயத்தில் அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து ஒரு சேர்ந்திசைக் குழுவில் வயலின் வாசிக்கும் இளைஞர். பகலில் கம்ப்யூட்டர் வேலை. எல்லோர் முன்னாலும் ஸ்டாண்டில் ஸ்வரத் தாள், நடுவில் கையசைக்க ஒருவர். எனக்கு அது ஒப்பவில்லை. பதினைந்து வயலின் சேர்ந்து தோடியில் காந்தாரத்தை அசைத்தால் பதினைந்து காந்தாரமாகாதா என்று கேட்டேன். "அதனால்தான் நாங்கள் தோடியை ஜாக்கிரதையாகத் தொடுவோம்" என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஒன்று சொன்னார். தனியாகக் கச்சேரி செய்யும் அளவுக்கு வித்தை வராதவர்கள் வேறு ஊரில் என்றால் வாத்தியத்தைப் பரணில் போட்டுவிடுவார்கள். இங்கே அவர்களுக்கும் வாரம் ஒரு நாள் வாசிக்க ஒரு நாற்காலி இருக்கிறது. மனோதர்மம் போய்விடுகிறது என்கிற என் ஆட்சேபணையை நான் வாபஸ் வாங்கவில்லை. இருந்தாலும் அந்த நாற்காலி விஷயத்துக்கு என்னிடம் பதிலும் இல்லை.

சபா காரியதரிசி ஒருவர் பாங்க் உத்தியோகஸ்தர். அவரோடு பேசியதில் பாதி நேரம் மானிய விண்ணப்பம், வரவு செலவு, தணிக்கை. எனக்கு ஆபீஸில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. ரசீது இல்லாமல் ஒரு காசு நகராது என்று அலுத்துக்கொண்டார். நான் அந்தக் கட்சி இல்லை. ரசீது வைத்திருக்கிற சபாதான் ஐம்பது வருஷம் நிற்கும்.

இனி நான் தேடிப் போன விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மிருதங்கப் பையனின் வீடு. பையன் வீட்டில் இல்லை, பட்டாளத்தில் இருக்கிறான்! அங்கே 1967-ல் வந்த சட்டப்படி ஆண் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதை ஒட்டி இரண்டு வருஷம் தேசிய சேவை. பிரஜையின் பிள்ளை, நிரந்தரவாசியின் பிள்ளை இருவருக்கும் உண்டு. எட்டு வயதில் தொடங்கி, பத்து வருஷம் சாதகம் செய்து, கை பக்குவத்துக்கு வரும் சமயத்தில் துப்பாக்கி பிடிக்கப் போய்விடுகிறான். சனி, ஞாயிறு லீவில் வந்தால் தூங்கத்தான் தோன்றும். திரும்பி வந்ததும் காலேஜ். "இரண்டு வருஷம் கை ஓடாமல் இருந்தால் பழைய வேகம் வருமோ வராதோ, மாமா" என்று அவன் தாயார் சொன்னபோது கண் கலங்கியது. தேச சேவையை அவர் குறை சொல்லவில்லை. பிள்ளை போனதில் பெருமைதான். கவலை கையைப் பற்றி மட்டும்.

இன்னொரு சங்கடம் வாத்தியத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் வருஷம் முழுவதும் ஈரக் காற்று. தோல் ஈரத்தை இழுத்துத் தளரும், சுருதி இறங்கும். அரங்கத்தில் ஏ.சி.; அங்கே காற்று உலர்ந்திருக்கும், தோல் இறுகும், சுருதி ஏறும். வீட்டில் சேர்த்த சுருதி மேடையில் நிற்காது. வலந்தலையில் அந்தக் கறுப்புச் சாதம் எதற்கு என்று சர் சி.வி. ராமனே ஆராய்ந்திருக்கிறார். நடுவில் அந்தக் கனம் இருப்பதால்தான் மத்தளத் தோலின் தாறுமாறான அதிர்வுகள் ஸ்வரத்தோடு இணங்கி ஒலிக்கின்றன என்று 1920-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். அத்தனை நுட்பமான தோல் கிழிந்தால் புது மூட்டுப் போட அங்கே ஆள் சுலபமாகக் கிடைப்பதில்லை. மெட்ராஸ் போகிறவர் யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். இப்போது வார் இல்லாத நட்டு போல்ட் மிருதங்கத்துக்கு மாறிவிட்டார்களாம்.

வசிப்பதோ அடுக்குமாடி. பக்கத்து வீட்டில் சீனர், எதிர் வீட்டில் மலாய்க்காரர். அதனால் மாலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் சாதகம், அடியில் கெட்டியான ஜமக்காளம். பையன் பட்டாளத்துக்குப் போன இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி லிஃப்டில் பார்த்து, பையனுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாராம்.

அந்தத் தாயார் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து தா தீ தொம் நம் கேட்டது. யார் என்று கேட்டேன். பதிமூன்று வயதுத் தங்கை. அண்ணாவின் மிருதங்கம் சும்மா கிடக்கிறதே என்று அவளே கேட்டு உட்கார்ந்தாளாம். வாத்தியாரும் தயங்காமல் சேர்த்துக்கொண்டார். "பெண் பிள்ளைகளைப் பட்டாளம் கூப்பிடாது. இவள் கை அறாது" என்றாராம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஜில்லாவில் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், மதுரை சோமுவின் குரு. அவருடைய குரு காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் கச்சேரியை 'புல் பெஞ்ச்' என்பார்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வழி வந்த ஜில்லாவில் ஒரு மிருதங்கத்துக்கு நான் பெங்களூர் ரயிலை எதிர்பார்த்து நிற்கிறேன். ஏன்? நம் வீட்டுப் பெண்கள் எல்லோரையும் பாட்டுக்கு அனுப்பினோம். பையன்களைக் கோச்சிங் கிளாஸுக்கு அனுப்பினோம். லயத்துக்கு யாரையும் அனுப்பவில்லை. பெண்ணை மிருதங்கத்துக்கு அனுப்பலாம் என்பது நமக்குத் தோன்றவே இல்லை. என் பெண் எட்டு வயதில் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பாள். 'பெண் குழந்தை தட்டாதே' என்று அதட்டியது நான்தான். இத்தனைக்கும் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கத்தில் பெயர் வாங்கி எத்தனையோ காலமாயிற்று. கடத்தில் சுகன்யா ராம்கோபால் இங்கே நூறு கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரில்தான் இருக்கிறார்.

திரும்பி வந்ததும் செயற்குழுவில் பேசினேன். ஒருவர் ஆட்சேபித்தார், நீண்ட நேரம் ஆட்சேபித்தார். கடைசியில் அவருடைய பேத்தியே முதல் பெயர் கொடுத்துவிட்டாள். வைகாசி முதல் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு இந்த ஹாலிலேயே மிருதங்க வகுப்பு. பையன், பெண் இருவரும் வரலாம். வாத்தியார் பங்காருப்பேட்டையிலிருந்து காலை ரயிலில் வருகிறார். ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர முறை வைத்து ஸ்கூட்டர் வேண்டும். இதுவரை ஏழு குழந்தைகள் சேர்ந்திருக்கிறார்கள், மிருதங்கம் இரண்டுதான் இருக்கிறது. அதில் ஒன்று என் தகப்பனாருடையது, தொப்பி கிழிந்து மூட்டுக்குப் போயிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது கிடந்தால் எந்த நிலையில் இருந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள். கொடுத்ததற்கு என்னிடம் ரசீது உண்டு.