எந்த பாஷை படிக்கலாம்?



"சூப்பர் கம்ப்யூட்டருக்கு எந்த பாஷைங்ணா படிக்கணும்?" என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். அவருக்குச் சொல்லும் பதிலையே இங்கே பேசிவிடுகிறேன்.

பனியன் கம்பெனியைப் பார்க்காதவர் இந்த ஹாலில் இருக்க மாட்டீர்கள். வெட்டிய துணியைப் பண்டில் கட்டி, பத்து ஓவர்லாக் மிஷினுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் தைக்கிறார்கள். இணைக் கணிப்பும் இவ்வளவுதாங்க. எல்லாரும் ஒரே ரேக்கிலிருந்து எடுத்துத் தைத்தால் அது 1997-ல் வந்த ஓப்பன்எம்பி. ஆளுக்கொரு ஷெட், பண்டிலும் சலானும் மட்டும் போய்வரும் ஜாப் ஒர்க் என்றால் அது 1994-ல் வந்த எம்.பி.ஐ.

நம் நாட்டுக்கு இது வந்த கதை சுவையானது. 1980-களில் நாம் கேட்ட பெரிய கிரே இயந்திரத்தை அமெரிக்கா தரவில்லை. வானிலைக்கென்று சிறியதாக ஒன்றுதான் வந்தது. 1988-ல் புனேயில் சி-டாக் தொடங்கினார்கள். விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 வெளிவந்தது. ஒரே பெரிய மூளைக்குப் பதிலாக, டிரான்ஸ்பியூட்டர் என்ற இங்கிலாந்துச் சில்லுகளை வரிசையாகக் கோத்தார்கள். பக்கத்துச் சில்லுகளோடு பேச ஒவ்வொன்றுக்கும் நாலு இணைப்பு.

அந்தச் சில்லுக்கென்றே 1983-ல் பிறந்த மொழி ஆக்கம். (நம் தமிழ் 'ஆக்கம்' இல்லை, ஓர் ஆங்கிலேயத் துறவியின் பெயரில் வரும் ஊர்.) 'செக்' என்று எழுதினால் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்; 'பார்' என்று எழுதினால் ஒரே சமயத்தில். இதன் மூலக் கருத்தை 1978-ல் எழுதிய டோனி ஹோர் பிறந்தது கொழும்பில்! அழகான மொழிதான். ஆனால் சில்லு வழக்கொழிந்ததும் மொழியும் வழக்கொழிந்தது. 1957-ல் வந்த ஃபோர்ட்ரானோ இன்றும் எம்.பி.ஐ.யோடு சேர்ந்து வானிலைக் கணக்குப் போடுகிறது. அதனால்தான் தம்பி, ஒரே மொழியின் மேல் எல்லாப் பணத்தையும் கட்டாதீங்க என்கிறேன்.

எந்த மொழியில் எழுதினாலும் இரண்டு தொல்லை கூடவே வரும். துணி வந்தால்தான் லேபிள் தருவேன் என்று இவர், லேபிள் வந்தால்தான் துணி தருவேன் என்று அவர். இரண்டு பேரும் காத்துக் கிடப்பார்கள், கன்டெய்னர் போய்விடும். எம்.பி.ஐ.யில் இரண்டு பக்கமும் முதலில் வாங்கக் காத்திருந்தால் இதே கதிதான்; பிழைச்செய்திகூட வராது, சும்மா நிற்கும்.

இன்னொன்று 1967-ல் ஜீன் அம்தால் சொன்னது. நூறு மணி நேர வேலையில் பத்து மணி நேரம் கட்டிங் மாஸ்டர் ஒருவரே செய்ய வேண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியை ஒன்பது பேருக்குப் பிரித்தால் மொத்தம் 20 மணி. தொண்ணூறு பேர் என்றால் 11 மணி. தொள்ளாயிரம் பேரை உட்கார வைத்தாலும் பத்துக்குக் கீழே இறங்காது. ஆளைக் கூட்டுவதற்கு முன்னால் கட்டிங் டேபிளைப் பாருங்க.

2022-ல் திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃப்ளாப்ஸ் வேகத்தில் 'பரம் பொருள்' திறந்தார்கள். அங்கே போய்த்தான் கற்க வேண்டும் என்றில்லை. 1994-ல் நாசாவில் ஸ்டெர்லிங், பெக்கர் இருவரும் 16 சாதாரண 486 ரக கம்ப்யூட்டர்களை ஈதர்நெட்டில் இணைத்தே 'பியோவுல்ஃப்' செய்தார்கள்.

சங்கம் ஆய்வகத்துக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கித் தர யோசிப்பதாகத் தலைவர் சொன்னார். பழையதைக் கழித்துப் போடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். லினக்ஸும் எம்.பி.ஐ.யும் இலவசம். ஒரு ஸ்விட்சும் கேபிளும் நான் வாங்கித் தருகிறேன். இணைக்கிற வேலையை இரண்டாம் வருட மாணவர்களிடமே விடுங்கள்.