ரமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு

நியூயார்க் மாநகரின் குவீன்ஸ் பகுதியில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்றொரு பேட்டை உண்டு. அங்கே நட்புக்கொண்ட நான்கு இளைஞர்கள் 1974-இல் ஓர் இசைக்குழு அமைத்தனர். அவர்கள் உடன்பிறந்தாரும் அல்லர், உறவினரும் அல்லர். எனினும் ஜோயி, ஜானி, டீ டீ, டாமி என்ற நால்வரும் ‘ரமோன்’ என்பதையே குடும்பப் பெயராகச் சூடிக்கொண்டனர். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஒரு காலத்தில் பூண்டிருந்த புனைபெயரிலிருந்து பிறந்தது அது.

இவர்களுள் டாமியின் வரலாறு, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு நெருக்கமானது. 1949-இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிய பெற்றோருடன் சிறு வயதில் அமெரிக்கா சேர்ந்தார். குழுவை நிர்வகிப்பதே முதலில் அவர் பணியாக இருந்தது. டிரம் வாசிக்கத் தக்கவர் எவரும் அகப்படாமையால், அவ்வாத்தியத்தில் பழக்கமில்லாத அவரே அதன்முன் அமர்ந்தார்.

1976 பிப்ரவரியில், ரேடியோ சிட்டி அரங்கக் கட்டடத்திலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், ஏறக்குறைய ஒரே வாரத்தில் முதல் இசைத்தட்டு உருவாயிற்று. செலவு 6,400 டாலர். பதினான்கு பாட்டுக்கள், எல்லாம் சேர்ந்து 29 நிமிஷமே. ஒரு பக்கத்து ஒலிபெருக்கியில் கிதாரும் மறுபக்கத்தில் பாஸ் கிதாரும் ஒலிக்க, நடுவே குரலும் டிரம்மும் நிற்கும். ஜானி தம் கிதாரின் தந்திகளை மேலிருந்து கீழாகவே ஓயாது மீட்டுவார். தனி வாசிப்பு, சித்து வேலை எதுவும் கிடையாது. எல்லாப் பாட்டும் ஒன்றே போல் இருக்கின்றன என்று குறை கூறுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. சிலவற்றின் சொற்கள் நம் வீட்டுக் கூடத்தில் பாடத் தக்கனவும் அல்ல. ஆயினும் டாமி இயற்றிய காதற்பாட்டு ஒன்று இந்த ஆரவாரத்தினிடையே மென்மையாக வந்து நிற்கும்போது, இவர்களுக்கு இனிமை தெரியாது என்று எவ்வாறு சொல்வோம்?

அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 111-ஆம் இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் லண்டனில் வாசித்தபோதுதான் ஆரவார வரவேற்புக் கிட்டியது. தேர்ந்த வித்தையின்றியும் மேடை ஏறலாம் என்ற துணிவை ஆங்கில இளைஞர் பலர் இவர்களிடம் பெற்றனர்.

டாமி 1978-இல் டிரம்மை விட்டு எழுந்தார். ஜோயியும் ஜானியும் பகைத்துக்கொண்டு, நெடுங்காலம் முகங்கொடுத்துப் பேசாமலே, 1996 வரை ஒரே மேடையில் நின்றனர். ஜோயி 2001-லும், டீ டீ 2002-லும், ஜானி 2004-லும் மறைந்தனர். ஐந்து லட்சம் தட்டுக்களுக்கு அளிக்கப்படும் தங்கச் சான்று இந்த இசைத்தட்டுக்கு 2014 ஏப்ரலில்தான் கிட்டியது. அதனைக் காண நால்வரில் எஞ்சியிருந்தவர் டாமி ஒருவரே. அந்த ஜூலையில் அவரும் காலமானார்.